கறுப்புத் திரையில் அழிந்த முகூர்த்தம்

எனக்கு எழுத வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், அதிலும் மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்து கோணிக்கொண்டு போகும். நடுவில் எதையாவது விட்டுவிட்டு, ஞாபகம் வந்ததும் பின்னால் சேர்ப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுகிறபோது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

என் மகன் திருத்துறைப்பூண்டியில் ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று போய் வீடியோ எடுப்பான். மருமகள் கடையில் உட்கார்ந்து அதை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பாள். எங்களுக்கு முத்துப்பேட்டைப் பக்கம் கடற்கரை ஊர். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர், இப்போது இல்லை. நான் கூடையில் மீன் எடுத்துக்கொண்டு வயக்காட்டு ஊர்களுக்கெல்லாம் நடந்து விற்றவள். முட்டி போனதும் மகன் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு. யாராவது வந்தால் "உள்ள இருக்காங்க" என்பேன், இல்லாவிட்டால் "டீ குடிக்கப் போயிருக்காங்க" என்பேன். அவ்வளவுதான் என் வேலை. நடந்தே பழகிய உடம்பு உட்கார்ந்தே இருந்தால் காலுக்குள் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கும். எழுந்து வாசல் வரைக்கும் போவேன், திரும்பி வருவேன். "அத்தை, செத்த உக்காருங்களேன், எனக்குத் தல சுத்துது" என்பாள் மருமகள்.

அந்தக் கடைக்குள் மகனுக்கும் மருமகளுக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. கேமராவில் போடுகிற சின்ன கார்டையும், படங்களைச் சேர்த்துவைக்கிற ஹார்டு டிஸ்க் பெட்டியையும், பென் டிரைவையும் அப்பப்போ மொத்தமாகத் துடைத்துப் புதுசாக்க வேண்டும். ஃபார்மேட் பண்ணுவது என்பார்கள். அதை எப்படிப் பண்ணுவது என்பதில்தான் வழக்கு.

மகன் சென்னையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தவன். அவன் ஒரு கறுப்புத் திரையைத் திறப்பான். அதில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. வெள்ளை எழுத்தில் கட்டளை ஒன்றைத் தட்டுவான், என்டரை அமுக்குவான். வேலை முடிந்துவிடும். மருமகளுக்கு மவுஸ்தான். அவள் திறக்கிற ஜன்னலில் ஒவ்வொரு டிஸ்க்கும் நீளமான பட்டை மாதிரி தெரியும், பெயர் இருக்கும், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று நீல நிறத்தில் காட்டும். எனக்குக்கூடப் புரியும். நெல் அளக்கிற மரக்காலை எட்டிப்பார்த்த மாதிரி.

"நீங்க கண்ண மூடிக்கிட்டு ஊசியில நூல் கோக்குறீங்க" என்பாள் அவள்.

"நீ ஊசியப் போட்டோ புடிச்சி மாட்டிட்டுத்தான் கோப்பே" என்பான் இவன். "உன் ஜன்னலு ஒரு கார்டு தொடைக்கிறதுக்குள்ள நான் நாலு கார்டு தொடைச்சிருவேன். பூட்டிக்கிட்ட பென் டிரைவெல்லாம் உன் ஜன்னலுக்கு வசப்படவே படாது, தெரியுமா?"

"தொடைக்கிறதுக்கு முன்னாடி அது கேக்கும்ல? நிச்சயமான்னு கேக்கும்ல?"

"கேட்டுச்சே. கோயில் பாட்டுப் பென் டிரைவையும் கேட்டுட்டுத்தானே தொடைச்சே?"

இதைச் சொன்னால் அவள் வாய் அடங்கிவிடும். மைக்செட்காரர் ஒருவர் கொடுத்துவைத்த பென் டிரைவை ஒரு தடவை அவள் மவுஸாலேயே அழித்துவிட்டாள். ஜன்னல் கேட்கத்தான் செய்தது, இவளும் ஆமாம் என்று அமுக்கினாள். அது எப்போது பார்த்தாலும் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். தினம் கேட்கிற கேள்விக்கு யார்தான் படித்துவிட்டுப் பதில் சொல்வார்கள்? பக்கத்து வீட்டுக்காரி "சாப்பிட்டாச்சா" என்றால், சாப்பிடாமலேயே ஆச்சு என்போம் இல்லையா, அந்த மாதிரி. கறுப்புத் திரை ஒன்றும் கேட்காது. சொன்னதைச் செய்யும், தப்பாகச் சொன்னாலும் செய்யும். எது தேவலை என்று யாராவது என்னைக் கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்டதும் இல்லை.

போன ஆவணியில் ஒரு கல்யாணம், என் மகன்தான் வீடியோ. எங்கள் ஊர்க்காரி ஒருத்தி, என்னோடு கூடை தூக்கியவள், என்னைவிட வயசில் ரொம்பச் சின்னவள். அவளுக்கு ஒரே பெண். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை. மண்டபத்தில் வைத்து நன்றாகத்தான் செய்தாள். ஆனால் முகூர்த்த நேரத்தில் காப்பிக்கு வைத்திருந்த பால் திரிந்துபோனது. மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு வேன் வந்து இறங்குகிறார்கள். புருஷன்காரன் மேடையில் நிற்கிறான், அண்ணன் தம்பி இல்லாதவள், வேறு யாரை அனுப்புவாள்? இவளே கடைத்தெருவுக்கு ஓடி, பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, அடுப்படியில் நின்று வெட்டி ஊற்றிக்கொண்டிருக்கிறாள், கெட்டிமேளம் கேட்கிறது. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தாலி ஏறி முடிந்திருந்தது.

புரட்டாசி பூராவும் அவள் மார்க்கெட்டிலிருந்து திரும்புகிற வழியில் கடைக்கு வருவாள். வெறும் கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்காருவாள்.

"அக்கா, ரெடியாயிட்டா?"

"பண்ணிக்கிட்டிருக்காங்க."

"எல்லாரும் போன்ல எடுத்தாங்கக்கா. பாக்குறீங்களா?" என்று போனை நீட்டுவாள். போனில் ஒரு முதுகு. இன்னொருத்தர் எடுத்ததை நகர்த்திக் காட்டுவாள். அதிலும் அதே முதுகு. "யாருன்னு தெரியிதா? உங்க மவன். ஊரே எடுத்துச்சு, எல்லாத்துலயும் உங்க மவன் முதுகுதான் இருக்கு. பொண்ணும் இல்ல, மாப்பிள்ளயும் இல்ல. சட்டையில வேர்வ திட்டுகூடத் தெரியிது."

எனக்கு வெட்கமாகப் போய்விடும். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டுச் சொல்வாள், "பரவால்ல, அவரு முதுகுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சுன்னு அவரு பொட்டியில இருக்கும்ல. தலதீவாளிக்குப் புள்ளைங்க வருதுங்க. அதுக்குள்ள குடுத்துடச் சொல்லுங்க. எங்கழுத்துல தாலி ஏறினப்ப எனக்கு வெவரம் தெரியல. எம்மவ கழுத்துல ஏறுறதயாச்சும் பாக்கணும்ல?"

அப்புறம் சரஸ்வதி பூஜை வந்தது. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் படகுக்கும் எஞ்சினுக்கும் சந்தனம் தெளித்துப் படைப்போம். மகன் கேமரா, லைட்டு, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் படைப்பான். ஒயர்களை எல்லாம் பிடுங்கி, தூசி தட்டி, மேஜைமேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். அந்தப் பெரிய ஹார்டு டிஸ்க் பெட்டிக்குப் பூவே சுற்றினாள் மருமகள். அன்றைக்கு எதையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியில் நல்ல நேரம் பார்த்து ஒரு வேலையையாவது தொடங்கிவிட வேண்டும். என் மகனுக்கு அந்த வேலை, கேமரா கார்டுகளைத் துடைப்பது. பழசெல்லாம் பெட்டியில் ஏறிவிட்டது, கார்டு சுத்தமாக இருந்தால் புதுக் கணக்கு மாதிரி என்பான். வருஷா வருஷம் அப்படித்தான் செய்வான்.

விஜயதசமியன்று கடைக்கு வரவே தாமதமாகிவிட்டது. வழியில் மழை. ராகு காலம் தொடங்கப் போகிறது என்று இவன் பறக்கிறான். மருமகள் ஒயர்களை மாட்டினாள். இவன் கற்பூரம் காட்டிவிட்டு, கையில் விபூதியோடு கறுப்புத் திரையைத் திறந்து தட்டினான். நான் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் நின்றேன். கற்பூரம் அணைவதற்குள் தட்டி முடித்துவிட்டான்.

"ஆச்சு. தொடங்கியாச்சு" என்றான்.

மருமகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஜன்னல் தானாகவே திறந்திருந்தது. அதில் நீளமான ஒரு பட்டை, உள்ளே ஒன்றுமில்லை, வெள்ளையாகக் கிடந்தது.

"ஏங்க, கார்டு இவ்ளோ பெருசா காட்டுமா?"

அவன் பார்த்தான். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். நெற்றியிலிருந்து விபூதி மூக்கில் உதிர்ந்தது, துடைக்கக்கூட இல்லை.

என்ன நடந்தது என்று அப்புறம் மருமகள் எனக்கு விளக்கினாள். கறுப்புத் திரையில் டிஸ்க்குக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். கம்ப்யூட்டர் வயிற்றுக்குள் இருப்பது சுழி, பூஜ்யம். இவன் எப்போதும் பெரிய பெட்டியை முதலில் மாட்டுவான், அது ஒன்று. கார்டை அப்புறம் மாட்டுவான், அது ரெண்டு. பழக்கத்தில் ரெண்டைத் துடை என்று தட்டிவிடுவான். ஒரு வரி கூடத் தட்டினால் எந்த நம்பரில் எவ்வளவு பெரிய டிஸ்க் இருக்கிறது என்று அதுவே பட்டியல் போடுமாம். ராகு காலத்துக்குப் பயந்து அந்த ஒரு வரியை விட்டுவிட்டான். அன்றைக்கு மருமகள், முதல் வேலை கார்டுதானே என்று கார்டை முதலில் மாட்டியிருந்தாள். பெட்டி ரெண்டாகிவிட்டது.

"நீ ஏன் அத முதல்ல சொருவுனே?"

"நீங்க ஏன் பாக்காமத் தட்டுனீங்க?"

"இத்தன வருஷமா எப்படி மாட்டுறேன்னு பாத்துக்கிட்டுத்தானே இருக்கே?"

"நான் உங்க நம்பர மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கணுமா? பேரு போட்டிருக்கு, பாத்துட்டுப் பண்ணுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

பூச்சுற்றிய பெட்டி நடுவில் இருந்தது. ஆவணிக் கல்யாணங்கள் மொத்தமும் அதில்தான். கார்டில் இருக்காதா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அதே கார்டில் புரட்டாசியில் கோயில் விசேஷம் எடுத்தாகிவிட்டது, இருக்காது என்றாள். மற்ற கல்யாணமெல்லாம் முடித்துக் கொடுத்தாகிவிட்டது. இந்த ஒன்றுதான் பாக்கி.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கம்மா. கேட்டா கம்ப்யூட்டர் ரிப்பேர்னு சொல்லுங்க" என்றான் மகன்.

"பொய் எதுக்குச் சொல்லணும்?" என்றாள் மருமகள். "அழிஞ்சது மேல வேற எதயும் எழுதாம இருந்தா திரும்ப எடுக்கலாம்னு நீங்கதானே சொல்வீங்க. அதச் சொல்லுங்க."

"எடுத்துட்டுச் சொல்லலாம்."

அவன் அன்றைக்கே தஞ்சாவூருக்கு பஸ் ஏறினான். அந்தப் பெட்டி அளவுக்கு வெறும் பெட்டி ஒன்று வேண்டும். முதலில் கெட்டுப்போனதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து, புதுசில் நகல் எடுத்துவிட்டு, நகலில்தான் தேட வேண்டுமாம். திருத்துறைப்பூண்டியில் அவ்வளவு பெரிசு கிடைக்கவில்லை. மழை வேறு வலுத்துக்கொண்டிருந்தது. நான் உட்காருவேன், எழுந்திருப்பேன், வாசலில் போய் பஸ் வருகிற பக்கம் பார்ப்பேன். அவன் போய் அரை மணிகூட ஆகியிருக்காது.

கல்யாணப் பெண்ணின் அம்மா வந்தாள். கூடையைக் கவிழ்த்தாள். தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் பையை உதறினாள்.

"அக்கா, ரெடியாயிட்டா?"

நான் வாயைத் திறந்தேன். ரிப்பேர் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. வரவில்லை. "டீ வாங்கியாரச் சொல்லட்டா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மீன் வாங்குகிறபோது செவுளைத் தூக்கிப் பார்ப்போமே, அப்படி.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"இத்தன வருஷம் என்கூட மீன் வித்திருக்கீங்க. பழைய மீன நல்ல மீனுன்னு ஒருநாளாச்சும் உங்களால சொல்ல முடிஞ்சிருக்கா? சொல்லுங்க, என்ன ஆச்சு?"

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சுழி, ஒன்று, ரெண்டு வரைக்கும் சொன்னாள். வந்தவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். மார்க்கெட்டில் அவள் வாய்க்கு யாரும் எதிரில் நிற்க மாட்டார்கள். அவள் கத்தவில்லை. கவிழ்த்த கூடையைச் சுவரோடு சேர்த்து வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"சரி. எடுங்க. எடுக்கற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

"இன்னைக்கு ஆகாதும்மா. ரெண்டு மூணு நாளாவும்" என்றாள் மருமகள்.

"தெனம் வர்றேன்."

சொன்ன மாதிரியே வந்தாள். மீன் விற்றதும் வருவாள், பொழுது சாயும்வரை கூடைமேல் உட்கார்ந்திருப்பாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மகன் புதுப் பெட்டியோடு வந்து நகல் எடுக்கத் தொடங்கினான், கறுப்புத் திரையில்தான். மருமகள் தன் ஜன்னலில் எடுக்கலாமே என்றதற்கு, அது காலி என்று காட்டுவதைக் காலி என்றுதான் நகலெடுக்கும், இதுதான் இருக்கிறது இல்லை என்று பார்க்காமல் ஒவ்வொரு புள்ளியையும் எடுக்கும் என்றான்.  திரையில் எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்துத் திரையில் மருமகள் வேறு வீடியோ வேலை பார்த்தாள், அதில் எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற பச்சைப் பட்டை ஒன்று நின்றது. அடியில் யூபிஎஸ். ஐப்பசி மழைக்குக் கரண்டு போகும், வரும். கரண்டு போகும்போதெல்லாம் அது கீக் கீக் என்று கத்தும். அது கத்தினால் நாங்கள் நாலு பேரும் திரையைப் பார்ப்போம். எண் நின்றுவிட்டால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். எனக்கு நெஞ்சுக்குள் அந்தக் கீக் கீக் வீட்டுக்குப் போனாலும் கேட்டது.  ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, நாற்று மூழ்கிவிடும் என்று கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதுவும் இந்தப் பெட்டியைப் பற்றியே பேசுகிற மாதிரி இருந்தது.

"எங்க வந்திருக்கு தம்பி?" என்று கேட்பாள் கூடைமேல் இருப்பவள்.

"பாதி தாண்டிட்டுங்க."

"அந்தக் கறுப்புல ஏதோ ஓடிக்கிட்டே இருக்குல்ல. அது தேவல. உங்க வூட்டுக்காரம்மா பொட்டியில பச்சையா ஒண்ணு நிக்கிது பாருங்க, நின்ன எடத்துலயே நிக்கிது, செத்துப்போன மாதிரி."

மகன் சிரித்துவிட்டான். அத்தனை நாளில் அவன் சிரித்தது அப்போதுதான். மருமகள் முறைத்தாள். "அதுல ஓடுறது என்னான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அவளைப் பார்த்து.

"தெரியாது. ஓடுதுல்ல? நீ வண்டியில போறப்ப சக்கரத்தையா படிச்சுக்கிட்டுப் போற?"

நகல் முடிந்ததும் மருமகளின் முறை. அவள் மவுஸால் திறக்கிற ஒரு தேடும் ஜன்னலைப் போட்டாள். அது மெல்ல மெல்ல மரம் கிளைவிடுகிற மாதிரி பழைய பெயர்களைக் காட்டத் தொடங்கியது. நன்றாக இருப்பது பச்சைப் புள்ளி, கெட்டது சிவப்பு. ஒரு பெயரைத் தொட்டால் பக்கத்தில் சின்னதாகப் படம் வரும். மகன் தன் கறுப்புத் திரையிலும் ஏதோ தட்டிப் பார்த்தான். அதில் பேர் தெரியாத கோப்புகள் கூட்டமாக வந்தன, எது கல்யாணம், எது காதுகுத்து என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

"அது, அதத் தொடு" என்றான்.

"தொடுறேன், இருங்க."

"மேல போ."

"மவுஸக் குடுக்கட்டா?"

"வேணாம், நீயே பாரு."

பெண் அழைப்பு வந்தது, பச்சை. மாப்பிள்ளை வந்து இறங்கியது, பச்சை. சாப்பாட்டுப் பந்தி பூரா பச்சை, இலை போட்டது முதல் இலை எடுத்தது வரை. பெண்ணின் அம்மா கூடைமேலிருந்து எழுந்து வந்துவிட்டாள். "மேளக்காரன் தெரியிறான்! அடுத்து, அடுத்து." அடுத்தது நீளமான கோப்பு, மகன் பிடித்த பெரிய கேமராவில் முகூர்த்தம் முழுக்க நிறுத்தாமல் எடுத்தது. சிவப்பு.

தொட்டார்கள். ஓடியது. பெண் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், மாலை தெரிகிறது. தட்டில் தாலியை எடுத்துக்கொண்டு எல்லாரிடமும் ஆசீர்வாதம் வாங்கப் போகிறார்கள். அப்புறம் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகச் சிதறியது. நின்றுவிட்டது. மறுபடி போட்டார்கள். அதே இடம். பெரிய கோப்பு டிஸ்க்கில் ஒரே இடத்தில் இருக்காதாம், துண்டு துண்டாக அங்கங்கே கிடக்குமாம். எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்று சொல்கிற கணக்கைத்தான் இவன் தட்டிய கட்டளை துடைத்துவிட்டது. மகன் கறுப்புத் திரையில் முயன்றான், மருமகள் வேறொரு ஜன்னலில் முயன்றாள். அன்றைக்கும் மறுநாளும் முயன்றார்கள். தட்டு வரைக்கும்தான் வந்தது.

பெண்ணின் அம்மா எழுந்தாள். கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். அப்போதுதான் மருமகள், "ரெண்டாவது கேமரா இருக்குங்க" என்றாள்.

கூட ஒரு ஆளை வைத்துப் பக்கவாட்டிலிருந்து எடுப்பார்கள். அதைச் சின்னச் சின்னக் கோப்பாக எடுத்திருந்தான் அந்த ஆள். எல்லாம் பச்சை. போட்டாள். கெட்டிமேளம் காதைப் பிளந்தது. மாப்பிள்ளையின் தோள் தெரிகிறது, என் மகனுடைய முழங்கை தெரிகிறது. அதற்குப் பின்னால்தான் தாலி. கை போவது தெரிகிறது, முடிச்சு தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் பெண்ணின் முகம்தான். அந்த ஆள் அவள் முகத்தைத்தான் பிடித்திருந்தான்.

பெண் முதலில் குனிந்திருந்தாள். அப்புறம் நிமிர்ந்தாள். கண் மாப்பிள்ளை பக்கம் போகவில்லை. இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள், கூட்டத்துக்கு மேலாக வாசல் பக்கம் பார்த்தாள். அட்சதை வந்து முகத்தில் விழுகிறது, கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி பார்க்கிறாள். நாத்தனார் முடிச்சுப் போடக் குனிந்து மறைக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

 யூபிஎஸ் ஒரு தடவை கத்தியது.

"இன்னொருவாட்டி போடு" என்றாள் பெண்ணின் அம்மா.

போட்டாள்.

"நான் அந்த நேரத்துல பால் பாக்கெட்ட வெட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. "எம்மவ அங்க என்னத் தேடுது. நான் பால வெட்டிக்கிட்டு நிக்கிறேன்."

மகன் ஏதோ சொல்ல வந்தான். "தப்பு என்னுதுதாங்க. காசு வேணாம்..." என்று தொடங்கினான்.

"நீ செத்த சும்மா இரு தம்பி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கல்யாண வீடியோவுல இதயும் சேத்துடு. எனக்கு இது மட்டும் தனியா ஒண்ணு வேணும். வூட்ல டிவியில போட்டுப் பாக்குற மாதிரி" என்றாள்.

அவள் வீட்டில் இருப்பது பழைய டிவி. பழைய முறையில் ஃபார்மேட் பண்ணின பென் டிரைவைத்தான் அது படிக்கும். பெரிய பென் டிரைவை அப்படிப் பண்ண மருமகளின் ஜன்னல் ஒத்துக்கொள்ளாது, பட்டியலில் அந்த முறையே வராது. கறுப்புத் திரைதான். மருமகள் எழுந்து இடம் விட்டாள். மகன் உட்கார்ந்தான். பட்டியல் கேட்கிற வரியைத் தட்டினான். ஒவ்வொரு நம்பராக வாய்விட்டுப் படித்தான். அவள் தன் பக்கத்துத் திரையில் அந்தந்தப் பட்டையில் விரல் வைத்து, "ஆமா, ஆமா" என்றாள். பெரிய பெட்டியின் ஒயரை வேறு பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். கட்டளையைத் தட்டிவிட்டு அவன் விரல் என்டருக்கு மேலே அப்படியே நின்றது.

"அமுக்கவா?"

"அமுக்குங்க."

"நிச்சயமா?"

"இப்ப நீங்க கேக்குறீங்களா, ஜன்னல் மாதிரி!" என்றாள். அமுக்கினான்.

பெண்ணின் அம்மா பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு மழையோடு போனாள். தெரு முனை வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைதீபாவளி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பிப் போன பிறகு ஒருநாள் வந்தாள். வழக்கம்போல் தரையில் உட்கார்ந்தாள். நானாகக் கேட்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"போட்டுக் காட்டுனேன்க்கா. பாத்துட்டு எம்மவ சொல்லுது, நான் உன்ன எங்கம்மா தேடுனேன், ஓமப்புகை கண்ணுல பட்டுது, காத்து வருதான்னு வாச பக்கம் பாத்தேன்னு சொல்லுது."

"அப்படியா?"

"பொய்யிக்கா. பொய் சொல்லுது. நான் வெசனப்படக் கூடாதுன்னு சொல்லுது." முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "இல்ல, நெசமாவே புகைதானோ? நீங்க பாத்தீங்கல்ல, என்ன நெனைக்கிறீங்க?"

 என் மனசில் அந்த முகம் ஒரு நேரம் அம்மாவைத் தேடுகிற மாதிரி இருக்கிறது, ஒரு நேரம் புகையில் கண் கூசுகிற மாதிரி இருக்கிறது. அவள் இன்னும் தினம் போட்டுப் பார்க்கிறாளாம். மகனும் மருமகளும் பழையபடி சண்டை போடுகிறார்கள். அவன் கறுப்பை விடவில்லை, இவள் ஜன்னலை விடவில்லை. நான் எழுந்து வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன்.

இதில் நான் எழுதிய கம்ப்யூட்டர் விஷயம் பூராவும் பக்கத்தில் உட்கார்ந்து காதில் வாங்கியதுதான். பெட்டி ஒன்றா, கார்டு ரெண்டா, இல்லை மாற்றி எழுதிவிட்டேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. துண்டு துண்டாகக் கிடக்கும் என்று சொன்னதும் சரிதானா தெரியவில்லை. மகனைக் கேட்டால் அந்தப் பேச்சை எடுத்ததற்கே முகம் சுருங்குவான். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது படித்தால், தப்பு இருக்கிற இடத்தைத் திருத்திக் கொடுங்கள். பெண்ணின் முகத்தைப் பற்றி நான் எழுதியது சரியா என்பதை, அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் யாராவதுதான் சொல்ல வேண்டும்.